80-டிடி சின்னக் கழிவு இல்ல, ஆசிரியரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த வருமான வரி கேள்வி-பதில் பக்கத்த ஒரு வரி விடாம படிச்சேன். சம்பளம் வாங்குறவன் பயப்படாம தானே ரிட்டர்ன் போடுற அளவுக்கு புரியுற தமிழ்ல இருந்துச்சு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வாசகர் கேட்டிருந்தாரே, என் பொண்ணுக்கு 24 வயசு, அறிவுசார் குறைபாடு, அவள என்னைச் சார்ந்தவளா காட்டி வரிக்கழிவு வாங்கலாமான்னு, அதுக்கு ரெண்டே வரில பதில் சொல்லி முடிச்சிட்டீங்க. புது வரி முறைல 80-டிடி (மாற்றுத்திறனாளிய வீட்ல வச்சு பாத்துக்கறவங்களுக்கான கழிவு) மாதிரி சின்னச் சின்னக் கழிவெல்லாம் கிடையாது, வரி கம்மி, அதுலயே போங்கன்னு. அந்த மனுஷன் கேட்டது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு. அவரு அடுத்த பக்கத்த திருப்பியிருப்பாரு, என்னால திருப்ப முடியல.

எனக்கு 56 வயசு, தனியார் கம்பெனில வேலை, பையனுக்கு 27, அவனுக்கும் அறிவுசார் குறைபாடு. தினமும் காலைல ஆறு மணிக்கு நான் தான் அவனுக்கு ஷேவ் பண்ணி விடுறேன், கன்னத்த உப்புடான்னா உப்புவான், தலைய சாய்ன்னா சாய்ப்பான், மேலுதட்டுக்கிட்ட ரேஸர் வந்தா மட்டும் என் மணிக்கட்ட கெட்டியா புடிச்சிப்பான், விடவே மாட்டான், அப்புறம் அவன் கைய நான் தடவிக் குடுத்து அவனா விட்டதும் தான் மீசை எடுக்க முடியும். இத ஏன் சொல்றேன்னா, எட்டு ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ்ல இருந்த பையன் என் டிக்ளரேஷன் பேப்பர திருப்பிக் குடுத்துட்டு, “சார், உங்க பையன் மேஜர் ஆயிட்டான், இனிமே டிபெண்டென்ட்டா காட்ட முடியாது”ன்னு சொன்னான். அவன் மேல தப்பு இல்ல, ஸ்கூல் ஃபீஸ், மெடிக்கல் இன்ஷூரன்ஸ்னு எல்லாத்துலயும் ஒரு வயசு இருக்கே, இதுக்கும் இருக்கும்னு நெனச்சிட்டான். அந்த வருஷம் நானும் சரின்னு விட்டுட்டேன். பதினஞ்சாயிரம் ரூபாக்கு மேல போச்சு.

சட்டத்துல அப்படி ஒரு வயசே இல்ல சார். 1961 வருமான வரிச் சட்டத்தோட 80-டிடி பிரிவ எடுத்துப் பாருங்க, சார்ந்திருப்பவர்னா கணவன் மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, அவ்வளவு தான். ‘முழுசாவோ பெரும்பாலுமோ’ வரி கட்டுறவர நம்பி வாழணும், குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கணும், அவங்க தன் பேர்ல 80-யு கழிவு (மாற்றுத்திறனாளி தன் சொந்த வருமானத்துக்கு வாங்குறது) வாங்கியிருக்கக் கூடாது, வரி கட்டுறவர் இந்தியாவுல குடியிருக்கறவரா இருக்கணும். பிள்ளைக்கு 7 வயசா 27 வயசா 47 வயசான்னு எங்கயும் கேக்கல. கழிவு 75,000 ரூபா, குறைபாடு 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000. இதுல ஒரு நல்ல விஷயம், பில்லு கேக்க மாட்டாங்க, அதாவது நீங்க அந்தப் பிள்ளைக்காக செலவு பண்ணியிருக்கணும், ஆனா பத்தாயிரம் ஆச்சோ ரெண்டு லட்சம் ஆச்சோ கழிவு அதே தொகை தான். இத எழுதினவங்க யாரோ வீட்டு நிலவரம் தெரிஞ்சவங்கன்னு நான் நெனச்சுப்பேன், ஏன்னா நம்ம வீட்டுச் செலவுல பாதிக்கு பில்லே இருக்காது, பாத்துக்க வர்ற அம்மாவுக்கு குடுக்கற சம்பளத்துக்கு எங்க போய் பில்லு வாங்குறது.

பெரும்பாலும் நம்பி வாழணும்னு சொன்னேன்ல, அதுலயும் நிறைய பேருக்கு குழப்பம். என் பையன் ஒரு பயிற்சி மையத்துக்குப் போறான், பழைய பேப்பர்ல கவர் ஒட்டுவான், மாசம் கையில ஏதோ கொஞ்சம் குடுப்பாங்க, அரசு குடுக்கற பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 தனியா வருது. இதனால அவன் என்ன நம்பி இல்லன்னு ஆயிடுமா? ஆகாது. அவன் போட்டிருக்கற சட்டைலருந்து தூங்குற பாய் வரைக்கும் என் சம்பளம் தானே. (உங்க பேப்பர்லயும் கவர் ஒட்டியிருக்கான், விளையாட்டுப் பக்கம்னா ரொம்ப இஷ்டம், கலர் போட்டோ வெளிய தெரியற மாதிரி மடிப்பான்.)

இப்ப அந்த 75,000-க்கும் 1,25,000-க்கும் நடுவுல இருக்கற கோடு பத்தி சொல்றேன். சர்டிஃபிகேட் வாங்க ஆஸ்பத்திரில மெடிக்கல் போர்டுக்கு கூட்டிட்டுப் போனோம். காலைல எட்டு மணிக்கு டோக்கன், கூப்பிடும்போது மதியம் ஆயிடுச்சு, அதுவரைக்கும் அவன் பெஞ்சுல என் ஒய்ஃப் மடில தலை வச்சு படுத்திருந்தான், 20 வயசுப் பையன், போறவங்க வர்றவங்க எல்லாம் ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுப் போவாங்க. உள்ள டாக்டர் நல்லவர், பொறுமையா கேட்டாரு. பேர் என்ன, சொன்னான். அப்பா பேர், சொன்னான். பத்து ரூபா நோட்ட காட்டி இது எவ்வளவு, சொன்னான். எந்த பஸ்ல வந்தீங்கன்னு கேட்டதுக்கு நம்பர கரெக்டா சொல்லிட்டு என் ஒய்ஃப பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க, அந்த நம்பர சொல்ல வைக்க அவ ஆறு மாசம் தினமும் ஸ்டாப்ல நின்னு சொல்லிக் குடுத்திருக்கா. ‘மிதமான’ பிரிவுன்னு போட்டாங்க, அதுக்கு வழிகாட்டுதல்படி 75 சதவீதம். அடுத்த பிரிவு ‘கடுமையான’, அதுக்கு 90.

வெளிய வந்து ஆட்டோக்கு நிக்கும்போது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா சார், அந்த பஸ் நம்பர மட்டும் இவன் சொல்லாம இருந்திருக்கலாமேன்னு. ஒரு நிமிஷம் தான், அப்புறம் என்ன நானே திட்டிக்கிட்டேன். ஆனா தோணுச்சு. 80-ங்கற ஒரு கோட்ட போட்டா அந்தக் கோட்டுக்கு அஞ்சு சதவீதம் கீழ நிக்கற வீட்ல இப்படித்தான் தோணும். 90 சதவீதம் இருக்கற பிள்ளைக்கு வேலை அதிகம், ஒத்துக்கறேன், ஆனா 75-ல இருக்கறவன் நடப்பான், கதவத் திறப்பான், ரோட்டுக்குப் போயிடுவான், அவன் பின்னாடியே ஒரு ஆள் வேணும். அந்த ஆளோட சம்பளம் சதவீதம் பாத்து குறையாது. எங்க யுடிஐடி கார்டுல (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) மஞ்சள் பட்டை இருக்கும், 80-ம் அதுக்கு மேலயும்னா நீலப் பட்டை, அந்த ரெண்டு கலருக்கும் நடுவுல 50,000 ரூபா கழிவு நிக்குது.

சரி, இது பழைய கதை, இதையாவது வாங்கிட்டு இருந்தோம். உங்க பதில்ல சொன்ன புது முறைக்கு வர்றேன்.

2023-24 நிதியாண்டுலருந்து புது வரி முறை தான் டீஃபால்ட், நாம எதுவும் சொல்லலன்னா அதுல தான் கணக்கு போடுவாங்க. அதுல சேமிப்புக்கான 80-சி கழிவு கிடையாது, வீட்டு வாடகை கிடையாது, 80-டிடி கிடையாது, மாற்றுத்திறனாளி தானே சம்பாதிச்சா தன் பேர்ல வாங்குற 80-யு கூட கிடையாது. அதுக்குப் பதிலா ஸ்லாப் குறைச்சிருக்கோம்னு சொல்றாங்க. கணக்கு நியாயமாத்தான் தெரியும், எல்.ஐ.சி. கட்டாதே, பி.பி.எஃப். போடாதே, உன் காசு உன் கையில, வரி கம்மியா கட்டுன்னு. ஆனா ஒரு விஷயம் பாருங்க சார், எல்.ஐ.சி. கட்டறது நான் எடுக்கற முடிவு, வேணாம்னா நிறுத்திக்கலாம். என் பையன நான் நிறுத்த முடியுமா? சேமிக்கச் சொல்லி ஆசை காட்டுறதுக்கு குடுத்த சலுகையும், தலைல விழுந்த செலவுக்கு குடுத்த கழிவும் ஒரே சாக்குல போட்டு கட்டி வெளிய வச்சது தான் எனக்கு ஏத்துக்க முடியல. அதனால தான் உங்க ‘சின்னச் சின்ன’ங்கற வார்த்தை சுருக்குனு குத்துச்சு.

என் கணக்கயே சொல்றேன், எங்க வீட்டு பட்ஜெட் ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும். 2025-26-ல என் சம்பளம் 13,50,000. புது முறைல ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 75,000 போக 12,75,000. ஸ்லாப்படி வரி 71,250, செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) 74,100. என் பக்கத்து சீட்ல இருக்கறவருக்கும் அதே சம்பளம், அதே 74,100, அவரு ரெண்டு பசங்களும் வேலைக்குப் போயாச்சு, நல்லா இருக்கட்டும், சந்தோஷம் தான். ஆனா புது முறைல எனக்கு அந்த 75,000 கழிவ மட்டும் விட்டிருந்தா என் வருமானம் சரியா 12 லட்சத்துக்கு வந்திருக்கும், 12 லட்சம் வரைக்கும் தான் ரிபேட் குடுத்து வரி இல்லன்னு பண்ணிட்டாங்களே, அப்ப என் வரி பூஜ்யம். பூஜ்யம் சார். எழுபத்தி நாலாயிரத்து நூறு ரூபா வித்தியாசம். எல்லாருக்கும் இப்படி கோட்டு மேலயே வந்து நிக்காதுன்னு தெரியும், 15 லட்சம் சம்பளக்காரருக்கு இதே கழிவு குடுத்தா 11,700 தான் மிச்சமாகும், மாசத்துக்கு ஆயிரம் ரூபா கூட தேறாது, ஆனா அது கூட ஒரு மாசத்து பிசியோதெரபி பில்லுல ஒரு பகுதிய அடைக்கும்.

பழைய முறைக்குப் போயேன்னு கேப்பீங்க. போனா என்ன ஆகும், ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 50,000, 80-சி முழுசா 1,50,000, 80-டிடி 75,000 எல்லாம் கழிச்சாலும் 10,75,000 நிக்கும், வரி செஸ்ஸோட 1,40,400. ஆக கழிவு இருக்கற முறைல போனா கழிவு இல்லாத முறைய விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு கட்டணும். வீட்டுக் கடன் வட்டி, வாடகைன்னு இன்னும் ஏறக்குறைய மூணு லட்சம் காட்ட முடிஞ்சவனுக்குத்தான் பழைய முறை கட்டும். எனக்கு சொந்த வீடு, கடன் முடிஞ்சுது, வாடகையும் இல்ல. சட்டப் புத்தகத்துல 80-டிடி உயிரோட இருக்கு, என்ன மாதிரி ஆளுங்களுக்கு அது செத்துப் போச்சு.

12 லட்சம் வரைக்கும் வரியே இல்லாதபோது பெரும்பாலான பெத்தவங்களுக்கு இந்தக் கழிவே தேவையில்லயேன்னு எங்க ஆடிட்டர் கேட்டாரு. சரியான கேள்வி, அதுக்குக் கீழ சம்பாதிக்கற வீட்டுக்கு இதால நட்டம் இல்ல, நான் மறுக்கல. ஆனா அதுக்கு மேல போனவன் எல்லாம் பணக்காரனா, அதுவும் நாப்பது வருஷம் தாண்டியும் பாத்துக்க வேண்டிய ஒரு பிள்ளைய வச்சிருக்கறவன்? நான் ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு, அதுக்குள்ள அவன் பேர்ல எவ்வளவு ஒதுக்கி வைக்க முடியுமோ அவ்வளவு தான் அவனுக்கு.

விதிவிலக்கே குடுக்க மாட்டோம்னு அரசு உறுதியா இருந்தா நானும் வாய மூடிட்டுப் போயிடுவேன். ஆனா புது முறையிலயும் கம்பெனி நம்ம பேர்ல என்.பி.எஸ். பென்ஷன் திட்டத்துல போடுற பணத்துக்கு கழிவு உண்டு. மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஆபீஸ் போய் வர குடுக்கற போக்குவரத்துப் படிக்கு விலக்கு உண்டு. அதாவது குறைபாடுன்னா கூடுதல் செலவு உண்டுன்னு அவங்களே ஒத்துக்கிட்டு ஒரு கதவ திறந்து வச்சிருக்காங்க, வேலைக்குப் போக முடிஞ்சவனுக்கு மட்டும். வேலைக்கே போக முடியாதவன் வீட்ல இருக்கான், அவன் அப்பன் வேலைக்குப் போறான், அந்தக் கதவு இவங்களுக்கு ஏன் திறக்காது?

தொகையையும் பாருங்க. 50,000-ஆ இருந்தத 75,000-மா, ஒரு லட்சத்த 1,25,000-மா ஏத்துனது 2015 பட்ஜெட்ல. அதுக்கப்புறம் தொடவே இல்ல. 2025-ல புது வருமான வரிச் சட்டம் கொண்டு வந்து, 2026 ஏப்ரல் 1-லருந்து அமல்னு பிரிவு நம்பரெல்லாம் மாத்துனாங்க, அதுலயும் அதே 75,000, அதே 1,25,000 தான். பத்து வருஷத்துல பாத்துக்கற ஆள் சம்பளம் என்ன ஆச்சுன்னு எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

உங்க வாசகருக்கு இன்னொண்ணும் நீங்க சொல்லியிருக்கணும், இது தான் நிறைய பேர் மாட்டிக்கிற இடம். ஒருத்தருக்கு கணக்கு போட்டுப் பாத்து பழைய முறை தான் லாபம்னு வந்தா, ரிட்டர்ன கடைசித் தேதிக்குள்ள போட்டாகணும். சம்பளக்காரங்களுக்கு வழக்கமா ஜூலை 31. தேதி தாண்டிப் போட்டா ரிட்டர்ன் வாங்கிப்பாங்க, ஃபைன் கட்டலாம், ஆனா பழைய முறைய தேர்ந்தெடுக்க முடியாது, புது முறைல தான் தள்ளுவாங்க, 80-டிடி போச்சு. எங்க பெத்தோர் குரூப்ல ஒரு அம்மா, பையனுக்கு 31 வயசு, செரிப்ரல் பால்சி, ஜூலை பூரா அவன ஆஸ்பத்திரில வச்சிருந்தாங்க, ஆகஸ்ட் ரெண்டாம் வாரம் தான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாங்க. எந்தப் பிள்ளைக்காக கழிவோ அந்தப் பிள்ளைய பாத்துட்டு இருந்ததால கழிவு இல்லாம போச்சு.

அப்புறம் 1961 சட்டத்துல இருக்கற ஃபார்ம் 10-ஐஏ. ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, பலவகைக் குறைபாடு இருக்கற பிள்ளைங்களுக்கு இந்த ஃபார்ம் வேணும், நியூராலஜிஸ்ட்டோ அரசு ஆஸ்பத்திரி சிவில் சர்ஜனோ தலைமை மருத்துவ அலுவலரோ குடுக்கற சர்டிஃபிகேட் இது. ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடியே போர்ட்டல்ல இத ஏத்திடணும், அந்த ஒப்புகை நம்பர், தேதி, யுடிஐடி நம்பர், பிள்ளையோட ஆதார் எல்லாம் ரிட்டர்ன்ல கேக்குறாங்க. முன்னாடி பேப்பர வீட்ல வச்சுக்கிட்டு கேட்டா காட்டுனா போதும். இப்ப இந்த மாதிரி கேக்கறது பொய்க் கணக்க தடுக்கன்னு புரியுது, தப்பு சொல்லல. சர்டிஃபிகேட்ல ‘மறுபரிசோதனை’ன்னு ஒரு தேதி போட்டிருந்தா அந்தத் தேதி தாண்டினதும் புதுசா ஒண்ணு வாங்கணும், இல்லன்னா அடுத்த வருஷத்துலருந்து கழிவு கிடையாது. வீட்ல இருக்கறத இன்னிக்கே ஒரு தடவ எடுத்துப் பாத்துக்கங்க.

இன்னொரு மகராசன் கதை சொல்லிட்டு முடிக்கறேன். 80-டிடில இன்சூரன்ஸ் ஸ்கீம்ல பணம் போட்டும் கழிவு வாங்கலாம், ஆனா முன்னாடி அந்தப் பணம் பெத்தவங்க செத்தப்புறம் தான் பிள்ளைக்கு வரும், உயிரோட இருக்கும்போது வந்தா கழிவு கிடையாது. ரிட்டயர் ஆகி வருமானம் நின்னுபோன அப்பன், தான் போட்ட பணம் பிள்ளைக்கு வரணும்னா சாகணும். ஒரு அப்பா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாரு. 2019 ஜனவரில தீர்ப்பு வந்துச்சு, சட்டத்த ரத்து பண்ண மாட்டோம், ஆனா இதுல நியாயம் இருக்கு, அரசு பாக்கணும்னாங்க. 2022 பட்ஜெட்ல மாத்துனாங்க, இப்ப பணம் போட்டவருக்கு 60 வயசு ஆகி, பணம் கட்டறத நிறுத்திட்டா, அவர் இருக்கும்போதே பிள்ளைக்கு பென்ஷன் வரலாம். ஒரு ஆள் விடாம கேட்டதுக்கு மூணு வருஷம் கழிச்சு சட்டத்துல ஒரு வரி மாறுச்சு. அந்த நம்பிக்கைல தான் நானும் எழுதறேன், இந்தத் தடவ ஒவ்வொருத்தரும் கோர்ட்டுக்கு அலையாம பத்திரிகையே கேட்டா என்ன?

நான் கேக்கறது ரெண்டு தான். 80-டிடியையும் 80-யு-வையும் புது முறைல சேக்கணும்னு உங்க தலையங்கத்துல ஒரு தடவ எழுதுங்க, பட்ஜெட்டுக்கு முன்னாடி எழுதுனா நல்லது. ரெண்டாவது, அந்த வாசகருக்கு ஒரு திருத்தம் போடுங்க: பொண்ணுக்கு 24 வயசு ஆனது தடையே இல்ல, உங்க காலத்துக்கப்புறம் அவள பாத்துக்கப் போற அண்ணனோ அக்காவோ கூட தன் கணக்குல இந்தக் கழிவு கேக்கலாம், ரெண்டு முறையிலயும் கணக்கு போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஜூலை 31 தாண்ட விடாதீங்கன்னு. திருத்தத்த எட்டாம் பக்கம் மூலையில பொடி எழுத்துல போட்டுடாதீங்க சார், அந்த வரிப் பக்கத்துலயே போடுங்க, அவரு அங்க தான் தேடுவாரு.

இப்படிக்கு,
27 வயசு மகனோட அப்பா ஒருத்தர்
(பேரும் முகவரியும் ஆசிரியர் பார்வைக்கு மட்டும் தனியா எழுதியிருக்கேன்)